கம்பஸ் வரிசை போடுமுன் அக்கா சொல்வதைக் கேள்

ஏ/எல் முடிவு வந்த கையோடு கொழும்பு ஜிந்துப்பிட்டியில் வீட்டுக்கு வீடு ஒரு கூட்டம் கூடும். "எப்படியாவது கொழும்பு கம்பஸைப் போடு" என்பார் மாமா. "பொம்பிளைப் பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கா அனுப்பப்போறீங்க?" என்று சித்தி கேட்பார். மொறட்டுவை கிடைக்காவிட்டால் படிப்பே வீண் என்பது போல டியூட்டரி சேர் வகுப்பிலேயே சொல்லியிருப்பார். எல்லாரும் பேசுவது கம்பஸின் பெயரைத்தான். அங்கே போய் நான்கு வருஷம் எதைப் படிக்கப்போகிறாய், அதற்கு வீட்டில் எவ்வளவு செலவாகும் என்று கேட்க ஆளில்லை. இந்த வருஷம் என் தங்கச்சியும் விண்ணப்பிக்கிறாள். அவளுக்குச் சொன்னதையே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து கேட்கிறார்கள். அதனால் உனக்கும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

முதலில் காசுக் கதை. இலங்கையில் அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரி மாணவராகச் சேர்ந்தால் படிப்புக் கட்டணம் கிடையாது. 1940களில் கன்னங்கரா போராடிக் கொண்டுவந்த இலவசக் கல்வி, முதலாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது. கப்பல் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் பிள்ளை டொக்டரானதும், செட்டியார் தெருக் கடையில் கணக்கெழுதியவரின் மகள் எஞ்சினியரானதும் இதனால்தான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் இன்று 17 பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானதும் இந்தக் கணக்கில் சேர்த்தி. திறந்த பல்கலைக்கழகத்தைத் தவிர மற்றவற்றில் உள்வாரி மாணவருக்கு விரிவுரைக்குக் காசில்லை. கனடாவில் இருக்கும் மச்சாள், கம்பஸ் தேடும்போது கட்டணப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்திருப்பாள். நமக்கு அந்த வேலை இல்லை. நமக்கு வரும் செலவு தங்க, சாப்பிட, போய்வர. அதாவது ஊருக்கான செலவு.

ஆகவே "எது மலிவான கம்பஸ்?" என்று கேட்காதே. "இந்தப் பாடநெறிக்காக அந்த ஊரில் நான்கு வருஷம் இருக்க நம் வீட்டால் முடியுமா?" என்று கேள். என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாடநெறி வேறு என்றால் தூரத்தைப் பார்க்காதே. பாடநெறி ஒன்றே என்றால் வீட்டுக்குக் கிட்டியதை முதலில் போடு.

வரிசை எப்படி வேலை செய்கிறது

விண்ணப்பத்தில் நீ கம்பஸைத் தெரிவு செய்வதில்லை. பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒவ்வொரு சோடிக்கும் யூனிகோட் என்று ஒரு குறியீடு இருக்கிறது. அவற்றைத்தான் விருப்ப வரிசைப்படி அடுக்குகிறாய். தெரிவு மேலிருந்து கீழே வரும். உன் இசட் ஸ்கோர் எந்த இடத்துக்கு முதலில் போதுமோ அது உனக்கு. அதற்குக் கீழே நீ எழுதியவை அத்தோடு முடிந்தன.

பலர் குழம்புவது இங்கேதான். "கிடைக்காததை மேலே போட்டால் கீழே இருப்பதும் போய்விடும்" என்று ஒரு பேச்சு நம் பக்கத்தில் ஓடுகிறது. அது பிழை. எட்டாததை மேலே போட்டாலும் ஒன்றும் குறையாது, தெரிவு அதைத் தாண்டி அடுத்ததற்கு வரும். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மனமில்லாத ஒன்றை, கட்டாயம் கிடைக்கும் என்பதற்காக மேலே போட்டால் அதுவே கிடைத்துவிடும். கீழே இருக்கும் உன் ஆசைப் பாடத்துக்கு ஸ்கோர் போதுமாக இருந்தாலும் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார்கள். அதனால் வரிசையில் தந்திரம் வேண்டாம். உண்மையாக எது அதிகம் வேண்டுமோ அது மேலே.

இசட் ஸ்கோர் பற்றியும் ஒரு சொல். அது வெறும் புள்ளிக் கூட்டல் இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் எல்லா மாணவரின் சராசரியிலிருந்து நீ எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறாய் என்பதை அந்தப் பாடத்தின் புள்ளிப் பரம்பலை வைத்து அளந்து, மூன்று பாடத்தின் சராசரியை எடுப்பது. 2001இலிருந்து இதுதான் முறை. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. கொழும்பு அந்தப் பதினாறில் இல்லை. நாம் இரண்டு அறை வீட்டில் படித்தாலும், விண்ணப்பத்தில் பெரிய பெரிய பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரே மாவட்டத்தில்தான் நிற்கிறோம். நுவரெலியாவில் இருக்கும் உன் மச்சானுக்குக் கிடைக்கும் பாடநெறி, அதே ஸ்கோரோடு உனக்குக் கிடைக்காமல் போகலாம். இதை நினைத்து நானும் வருந்தியிருக்கிறேன். ஆனால் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியரே இல்லாமல் படித்த பிள்ளையின் இடத்தில் நின்று பார்த்தால் அந்த ஒதுக்கீடு ஏன் வந்தது என்பது விளங்கும்.

இதிலிருந்து உனக்கு வரும் வேலை, வரிசையை நீளமாகப் போடுவது. கொழும்பு மாவட்டப் பிள்ளை கொழும்பு, மொறட்டுவை, ஜயவர்தனபுர என்று மூன்றை மட்டும் எழுதிவிட்டு இருந்தால் வெறுங்கையோடு நிற்க வேண்டி வரலாம். போன வருஷ வெட்டுப்புள்ளியை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார். அதை ஒரு மட்டுக்குத்தான் எடுக்க வேண்டும், இந்த வருஷம் மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம்.

இன்னொன்றும் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்காக ஏ/எல் மூன்று தடவை எழுதலாம். ஆனால் ஓரிடத்தில் பதிவு செய்துவிட்டு, பிறகு "அடுத்த முறை எழுதி நல்ல இடத்துக்குப் போகிறேன்" என்பது இலகுவான காரியமில்லை. பதிவு செய்தவர் மறுபடி விண்ணப்பிப்பது பற்றிய விதியை மாணவர் கைநூலில் தேடி, அப்பாவையும் பக்கத்தில் இருத்தி வாசி. பதிவுப் பணம் கட்டுமுன் வாசி.

சீ.ஆர். கொப்பியில் ஒரு பக்கம்

தங்கச்சியும் நானும் செய்ததைச் சொல்கிறேன். கணினியைத் திறக்குமுன் ஒரு சீ.ஆர். கொப்பியின் நடுப்பக்கத்தைத் திறந்தோம். இடது பக்கத்தில் அவள் படிக்க விரும்பும் பாடநெறிகள், கம்பஸ் பெயர் இல்லாமல். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த எந்த ஊரில் இருக்கிறது. அதற்கடுத்து போன வருஷம் கொழும்பு மாவட்டத்துக்கு வந்த வெட்டுப்புள்ளி. கடைசி நிரலில் அந்த ஊரில் மாதச் செலவு. பென்சிலால் எழுதினோம், ஏனென்றால் ஒரு கிழமைக்குள் வரிசை பல தடவை மாறியது. கடைசி நிரலை அம்மாதான் நிரப்பினார். சாப்பாட்டுக்கு நாங்கள் போட்ட தொகையை வெட்டிவிட்டு, பக்கத்திலே கூடுதலாக ஒன்றை எழுதினார். அவர் எழுதியதுதான் சரி.

இப்படி எழுதிப் பார்க்கும்போதுதான் பெயர்களின் மயக்கம் கலைகிறது. "கம்ப்யூட்டர் படிக்கப்போறேன்" என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். உள்ளே பார்த்தால் கொழும்பில் யூசிஎஸ்சி என்ற கணினிக் கல்லூரியில் கணினி விஞ்ஞானமும் தகவல் முறைமைகளும் தனித்தனிப் பாடநெறிகள். களனியில் மென்பொருள் பொறியியல். மொறட்டுவையில் தகவல் தொழில்நுட்ப பீடம் வேறு, பொறியியல் பீடத்துக்குள் இருக்கும் கணினிப் பொறியியல் வேறு. கணினி விஞ்ஞானம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலை வளாகத்திலும்கூட இருக்கிறது. கணிதம் உனக்கு இனிக்குமென்றால் கணினி விஞ்ஞானம். வணிகமும் கணினியும் கலந்து வேண்டுமென்றால் தகவல் முறைமைகள். இவை வேறு வேறு படிப்புகள், ஆகவே இங்கே தூரம் பார்க்காமல் ஆசைப்படி அடுக்கு. ஆனால் கணினி விஞ்ஞானத்தையே கொழும்பிலும் வெளியூரிலும் போடலாம் என்றால், கொழும்பை மேலே வைக்க வெட்கப்படாதே. அங்கே வீடும் இருக்கிறது, பின்னேரம் பகுதிநேர வேலைக்கு நிறுவனங்களும் கிட்ட.

விஞ்ஞான பீடங்களில் ஒரு நுணுக்கம் உண்டு, இதை டியூட்டரியில் ஒருவரும் சொல்லித் தருவதில்லை. நீ உள்ளே போவது பௌதிக விஞ்ஞானம் அல்லது உயிரியல் விஞ்ஞானம் என்ற பொதுக் கதவால். மூன்று வருஷத்தில் பொதுப் பட்டம் எடுக்கலாம். நான்கு வருஷச் சிறப்புப் பட்டத்துக்கு, முதல் வருஷங்களில் நீ எடுக்கும் பெறுபேற்றை வைத்துத் துறை தெரிவு செய்யும், இடமும் மட்டு. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டம், சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். பிறகு மேற்படிப்புக்கு, வெளிநாட்டுக்கு என்று போகும்போது இந்த ஒரு மட்டம் பெரிய வித்தியாசம் செய்யும். ஆகவே பெரிய பெயருள்ள இடத்தில் கடைசி வரிசையில் நின்று பொதுப் பட்டத்தோடு வருவதா, பெயர் சிறியதானாலும் உனக்கு வேண்டிய துறையில் சிறப்புப் பட்டத்துக்கு வாய்ப்புள்ள இடமா என்று யோசி. நான் என்றால் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

பொறியியலுக்கு மொறட்டுவை, பேராதனை, ருஹுண, யாழ்ப்பாணம், தென்கிழக்கு, ஜயவர்தனபுர என்று ஆறு இடம். இங்கே பெயரைவிடப் பெரிய விஷயம், நீ சேரும் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பது. 2014இல் அந்த நிறுவனம் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பானது. அங்கீகாரம் பெற்ற பட்டத்தை அவுஸ்திரேலியா, பிரித்தானியா போன்ற உறுப்பு நாடுகளின் பொறியியல் அமைப்புகளும் மதிக்கின்றன. எந்தத் துறைக்கு எந்த வருஷம்வரை அங்கீகாரம் என்று அவர்களின் தளத்தில் பார்த்துக்கொள். முகாமைத்துவம் என்றால் அதேபோல, சீ.ஏ., சீமா பரீட்சைகளில் எத்தனை பாடத்துக்கு விலக்கு கிடைக்கும் என்று பட்டம் பட்டமாக ஒப்பிடு. ஒவ்வொரு விலக்கும் காசும் நேரமும் மிச்சம்.

கலைப் பிரிவுப் பிள்ளை முதலில் கேட்க வேண்டியது மொழிமூலம். யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கில் தமிழில் படிக்கலாம். கொழும்பிலும் பேராதனையிலும் தமிழில் எந்த எந்தத் துறை இருக்கிறது என்று துறைக்குத் துறை கேட்க வேண்டும். கலை பீடம் இருக்கிறது என்பதால் தமிழிலும் நடக்கிறது என்று நினைத்துவிடாதே. சட்டம் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் மூன்றிலும் உண்டு.

சில பாடங்களுக்கு ஊரை நீ தெரிவு செய்வதில்லை, பாடமே தெரிவு செய்துவிடும். சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும்தான், கொழும்பில் இருப்பது ஆயுர்வேதமும் யூனானியும். கர்நாடக சங்கீதமும் பரதமும் தமிழ்ச் சூழலில் படிக்க மருதனார்மடத்தில், முன்பு இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடம் இருக்கிறது, கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கட்டடக்கலை, வடிவமைப்பு போன்ற மொறட்டுவைப் பாடநெறிகளுக்கு இசட் ஸ்கோர் மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். அதற்குத் தனியாக அறிவித்தல் வரும், திகதியைத் தவறவிடாதே.

பெயரில் இருக்கும் ஊரும் நீ போய் இருக்கும் ஊரும் ஒன்றல்ல என்பதையும் கவனி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில், ஆனால் அதன் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில். ருஹுண மாத்தறையில், அதன் பொறியியல் காலி ஹபுகலையில், மருத்துவம் கராப்பிட்டியில். களனியின் மருத்துவ பீடம் ராகமையில். கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில். போர்டிங் தேடுவதும் சாப்பாட்டு விலை கேட்பதும் அந்த ஊரில்தான்.

தரத்தை யாரிடம் கேட்பது

உலகத் தரவரிசை என்று வட்ஸ்அப்பில் வரும் பட்டியலை விட்டுவிடு. அது பெரும்பாலும் முழுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளியீடுகளைப் பார்த்து வருவது, நீ போகும் துறையில் யார் வந்து படிப்பிக்கிறார்கள் என்று அது சொல்லாது. துறையின் பக்கத்தைத் திறந்து நிரந்தர விரிவுரையாளர் எத்தனை பேர், அவர்களில் கலாநிதிப் பட்டம் பெற்றவர் எத்தனை பேர் என்று எண்ணு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போன விரிவுரையாளர்கள் பலர், அதனால் பழைய பேரை நம்பாமல் இன்றைய பட்டியலைப் பார். மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதிப் பிரிவு பட்டங்களை மீளாய்வு செய்து அறிக்கை போடுகிறது. நீளமாக இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும். ஆனாலும் குறைகள் எழுதியிருக்கும் பகுதியை மட்டுமாவது வாசி.

அதைவிட நல்ல வழி சீனியர்கள். மொறட்டுவைப் பொறியியல் பீடத் தமிழ் மாணவர்கள் ஏ/எல் பிள்ளைகளுக்கு முன்னோடிப் பரீட்சை நடத்துகிறார்கள். நீயும் எழுதியிருப்பாய். அந்த அண்ணாமார் அக்காமாரைத் தேடிப் பிடி. மற்ற இடங்களிலும் தமிழ்ச் சங்கம், இந்து மன்றம், கத்தோலிக்க மாணவர் அமைப்பு, முஸ்லிம் மஜ்லிஸ் என்று ஏதாவது ஒன்றிருக்கும். "கம்பஸ் எப்படி?" என்று கேட்காதே, "நல்லம்" என்பார்கள், அவ்வளவுதான். போன பட்ச் எத்தனை மாதம் பிந்தி வெளியே வந்தது? பயிற்சிக்குத் துறை இடம் பிடித்துத் தருகிறதா, நீங்களே தேட வேண்டுமா? ஆய்வுகூடத்தில் ஒரு உபகரணத்துக்கு எத்தனை பேர்? முதல் வருஷத்தில் பெயிலாகிறவர்கள் எந்தப் பாடத்தில் பெயிலாகிறார்கள்? இப்படிக் கேள்.

முதற் கேள்வி மிக முக்கியம், அதில் காசும் இருக்கிறது. வேலைநிறுத்தத்தாலும் மூடல்களாலும் நான்கு வருஷப் பட்டம் ஐந்தைத் தொட்டால், அந்த ஒரு வருஷ போர்டிங் காசும் வீட்டுத் தலையில்தான். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கியிருக்க வேண்டிய வருஷமும் அதுவே.

கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுகிறேன், உன் எண்களை நீ மாற்றிக்கொள். வெளியூரில் போர்டிங் 10,000, சாப்பாடு 22,000, பஸ், போட்டோ கொப்பி, போன், சவர்க்காரம் எல்லாம் 8,000. மாதம் 40,000 ரூபா. வருஷத்துக்குப் பத்து மாதம் என்று வைத்தால் 4 இலட்சம், நான்கு வருஷத்துக்கு 16 இலட்சம். வீட்டிலிருந்து போய்வந்தால் பஸ், பகல் சாப்பாடு, கொப்பி என்று மாதம் 15,000, நான்கு வருஷத்துக்கு 6 இலட்சம். வித்தியாசம் 10 இலட்சம்.

மஹாபொல 1981இல் தொடங்கிய புலமைப்பரிசில். 2025 ஏப்ரலில் மாதத் தொகையை 5,000இலிருந்து 7,500 ஆக்கினார்கள், பேர்சரி உதவித்தொகை 4,000இலிருந்து 6,500 ஆனது. மேலே சொன்ன கணக்கில் 7,500 வைத்துப் பார்த்தால் நான்கு வருஷத்தில் 3 இலட்சம். வீட்டிலிருந்து போகிற பிள்ளைக்கு அது பாதிச் செலவு. வெளியூர்ப் பிள்ளைக்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. "மஹாபொல இருக்குத்தானே, சமாளிக்கலாம்" என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டு.

ஆனால் 10 இலட்சம் என்று பார்த்ததும் பயந்து வேண்டாத பாடத்தைக் கொழும்பில் போட்டுவிடாதே. அந்தத் தொகை ஒரே நாளில் கட்டுவதல்ல. மாதம் மாதம் போவது. ஹொஸ்டல் கிடைத்தால் போர்டிங் காசு ஏறக்குறைய முழுவதும் குறையும். அரச பல்கலைக்கழக விடுதிக் கட்டணம் வெளி அறை வாடகையோடு ஒப்பிட முடியாத அளவு சிறியது. பேராதனை 1952இல் வளாகம் திறந்த நாளிலிருந்தே மாணவர் தங்கிப் படிக்கும் இடமாகக் கட்டப்பட்டது. இராமநாதன் மண்டபம், அருணாசலம் மண்டபம் என்று நம் பெரியவர்களின் பெயரிலேயே விடுதிகள் இருக்கின்றன. கோட்டையில் கண்டி ரயில் ஏறினால் வளாகத்துக்குப் பக்கத்திலேயே சரசவி உயன நிலையத்தில் இறங்கலாம். எத்தனை வருஷத்துக்கு ஹொஸ்டல் உறுதி, எந்த வருஷம் வெளியே போகச் சொல்வார்கள் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள். வெளி போர்டிங் என்றால் விடுமுறை மாதத்துக்கும் வாடகை கேட்பார்களா என்பதைப் பேசி முடித்துவிட்டு அட்வான்ஸ் கொடு.

வீட்டிலிருந்து போவது இலவசம் என்றும் நினைக்காதே. நம் ஜிந்துப்பிட்டித் தோட்டத்து வீடுகளை நினைத்துப் பார். முன்னறையில் டீவி, பின்னறையில் தம்பி டியூஷன் பாடம், குசினி வாசலில் மாவரைக்கும் சத்தம். விடியற்காலையில் லொறி வந்து சாமான் இறக்கத் தொடங்கிவிடும். ஆட்கள் உறங்கிய பிறகு கிடைக்கும் நேரம்தான் படிப்பு நேரம். அதோடு பயணம். களனி நம் பக்கத்துக்குக் கிட்ட, கண்டி வீதி பஸ்ஸில் பாலத்தைத் தாண்டினால் போதும். ஜயவர்தனபுரவுக்கு 138இல் விஜேராம சந்தி வரை போக வேண்டும். மொறட்டுவைக்குப் புறக்கோட்டையில் 100 அல்லது 101 ஏறி காலி வீதி முழுவதையும் கடந்து கட்டுபெத்தையில் இறங்க வேண்டும். வெள்ளவத்தைப் பிள்ளைக்கு அது பாதி வழி, நமக்கு முழு வழி. விண்ணப்பிக்குமுன் ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தப் பயணத்தைப் போய்ப் பார். இரவு ஏழு மணிக்கு ஆய்வுகூடம் முடிந்து திரும்புவதையும் சேர்த்து யோசி. இறுதி வருஷத்திலாவது கம்பஸுக்குக் கிட்ட அறை எடுக்க வேண்டி வந்தால், அந்தக் காசையும் கணக்கில் போட்டுவை.

யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போகிற கொழும்புப் பிள்ளைக்கு ஒரு நன்மை உண்டு. பயிற்சிக் காலத்துக்கு அங்கத்தைய பிள்ளைகள் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் அறை தேடி அலைவார்கள். நீ உன் வீட்டிலிருந்தே போகலாம்.

அம்மா அப்பாவுக்கு

மகளைத் தூர அனுப்பப் பயமாக இருக்கிறது என்பது எனக்கு விளங்கும். அந்தப் பயத்தை லேசாகப் பேச மாட்டேன். ஆனால் அதற்குப் பதில் பிள்ளையின் வரிசையிலிருந்து ஊர்களை வெட்டுவதல்ல. தெரிவு வந்த பிறகும் பதிவுக்கு அவகாசம் இருக்கும். யாழ்தேவியிலோ உதயதேவியிலோ ஏறி அந்த ஊருக்குப் போங்கள். விடுதிப் பொறுப்பாளரைச் சந்தியுங்கள், போர்டிங் வீட்டு அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள், இரவில் வீதி வெளிச்சம் எப்படி என்று நடந்து பாருங்கள். பார்த்துவிட்டு வந்து சொல்லும் 'வேண்டாம்' வேறு, பாராமல் சொல்லும் 'வேண்டாம்' வேறு. பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். கிட்டியதோ தூரமோ எந்தக் கம்பஸிலும் நடக்கக்கூடியது. அப்படி ஏதும் நடந்தால் வீட்டில் சொன்னதும் கோபப்படாமல் கேட்பீர்கள் என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்கு இப்போதே கொடுங்கள்.

மகனுக்கு என்றால் 16 இலட்சம் செலவழிக்கலாம், மகள் என்றால் கொழும்பில் எது கிடைத்தாலும் போதும் என்ற கணக்கு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதைத் தயவுசெய்து விடுங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

இனி செய்ய வேண்டியவை

முடிவுக்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் இடையில் பல மாதம் கிடக்கும். தமிழில் ஏ/எல் எழுதிய பிள்ளைக்கு அது ஆங்கிலத்துக்கான காலம். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், யாழ்ப்பாணத்திலும் அப்படியே. எந்தக் கம்பஸ் கிடைத்தாலும் முதல் வருஷத்தில் விழுத்துவது பாடத்தைவிட ஆங்கிலம். தெற்கே போகிறவர்கள் பேச்சுச் சிங்களத்தையும் சரிப்படுத்திக்கொண்டால் ஆய்வுகூடக் குழுவில் ஒதுங்கி நிற்க வேண்டி வராது.

ஸ்கோர் எட்டவில்லை என்றால் உடனே நகையை அடகு வைத்துத் தனியார் பட்டத்துக்கு ஓடாதே. தெஹிவளை ஏடிஐ போன்ற உயர் தொழில்நுட்ப நிறுவனங்களில் முழுநேர எச்.என்.டி. படிப்பு கட்டணமில்லாமல் இருக்கிறது. வேலையோடு படிக்க நாவலையில் திறந்த பல்கலைக்கழகம், கணினிக்கு யூசிஎஸ்சியின் வெளிவாரி பிஐடி. இவற்றுக்குக் காசு உண்டு, ஆனால் பகுதி பகுதியாகக் கட்டிப் படிக்கலாம்.

மஹாபொலைக்கும் பேர்சரிக்கும் குடும்ப வருமானத்தைக் காட்டும் தாள்கள் தேவைப்படும். கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கையொப்பம் வாங்க, கடைசி நேரத்தில் நம் பகுதிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் வரிசையில் நிற்பார்கள். நீ முதலே போ. படிவத்தைத் தமிழில் கேள், அது உன் உரிமை. நாட்டாமை வேலை, கடை வேலை என்று அப்பாவுக்குச் சம்பளத் துண்டு இல்லாத வீடு என்றால், வருமானத்தை எப்படி உறுதிப்படுத்துவது என்று கிராம சேவகரிடமே முன்கூட்டிக் கேட்டு வை. விண்ணப்பத்தை ஒன்லைனில் அனுப்புமுன் ஒவ்வொரு யூனிகோடையும் கைநூலோடு வைத்து இன்னொருவரை வாசிக்கச் சொல்லி நீ சரிபார். ஒரு எழுத்து மாறினாலும் ஊர் மாறிவிடும். அனுப்பிய பிறகு பிரதியை அச்செடுத்து, பணம் கட்டிய ரசீதோடு அடையாள அட்டை இருக்கும் பைலில் போட்டுவை.